கழற்றி மாட்டும் கொட்டாய்: நெடுந்தூரச் சைக்கிள்காரர்களுக்கு நம் ஊர் கிரில் கடையிலேயே செய்வது எப்படி

மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலையில் கார்களுக்கு ஆர் அண்ட் ஆர் என்ற ஓய்விடம் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மழைக்கு ஒதுங்க அங்கங்கே பாலத்தடியில் இடம் உண்டு. சைக்கிளுக்கோ அந்தச் சாலையில் ஏறவே அனுமதி இல்லை. அதனால் ஜொகூர் பாருவில் கிளம்பித் தாய்லாந்து எல்லை வரை மிதிக்கிறவர்கள் பெரும்பாலும் பழைய ஒன்றாம் எண் கூட்டரசு சாலையில் வருவார்கள், இல்லையென்றால் மேற்குக் கரையோரம் போகும் ஐந்தாம் எண் சாலையைப் பிடிப்பார்கள்.

ஒன்றாம் எண் சாலை எங்கள் சுங்கை சிப்புட் வழியாகப் போகிறது. ஈப்போவில் இருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். நான் இங்கே கிரில் கடை வைத்திருக்கிறேன். வீட்டு கேட், ஜன்னல் கிரில், கோயில் கொட்டகை, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் டிரெய்லருக்குத் தட்டு என்று எது வந்தாலும் செய்வோம். மூட்டை கட்டிய சைக்கிளில் வருகிறவர்களுக்குக் கேரியர் உடைந்தால் கடைக்கு வந்து நிற்பார்கள். இரும்புக் கேரியர் என்றால் உடனே ஒட்டிக் கொடுத்துவிடலாம். அலுமினியம் என்றால் கம்பி வைத்து இறுக்கிக் கட்டி அனுப்புவோம். கிளம்பும்போது எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அடுத்த நிழல் எங்கே?

ஒரு தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காக, சாலையோரம் ஒதுங்கி ஓய்வெடுக்க ஒரு கொட்டாய் செய்து வைத்தோம். அதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களில் இருந்தும் அளவு கேட்கிறார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

முதல் முடிவு: இது நகர வேண்டும்

படம் வரைவதற்கு முன்னால் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது இது. நம் பக்கத்தில் மண்ணில் ஊன்றிக் கட்டியதெல்லாம் யாரோ ஒருவர் கையெழுத்தில் ஒருநாள் இடிபடும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, குடும்பங்கள் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியேற வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். இன்றைக்கும் தோட்டம் கைமாறுகிறது, சாலை அகலமாகிறது, வீடமைப்புத் திட்டம் வருகிறது. ஆள் போய்விடலாம், கோயிலைக்கூடப் பாலாலயம் செய்து நகர்த்திவிடலாம், சிமெண்டுத் தளம் போட்டுக் கட்டிய பஸ் ஸ்டாப்பை என்ன செய்வது?

காகிதமும் இதையேதான் சொல்கிறது. அரசு நிலத்தில் வைக்க நில அலுவலகத்தில் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமம் வாங்குவார்கள். எந்த மாதம் வாங்கினாலும் அது டிசம்பர் 31-ஓடு முடிந்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருட உரிமத்துக்கு ஐம்பது வருடக் கட்டடம் எதற்கு? மூன்று பேரும் கிரேன் வைத்த ஒரு லோரியும் இருந்தால் ஒரே பகலில் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டிவிட வேண்டும். இனி நான் சொல்லும் எல்லா அளவும் இந்த ஒரு நிபந்தனையில் இருந்து வந்தவை. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று பெரிய பெரிய பேச்சு பேசுகிறார்கள். என் கணக்கு சின்னது: ஒருமுறை செய்த இரும்பு, அடுத்த இடத்திலும் அப்படியே வேலை செய்தால் அது உகந்தது.

சைக்கிள்காரருக்கு மட்டும் வைக்காதீர்கள்

வாரத்துக்கு நாலு பேர் வந்து உட்காரும் இடத்தை யாரும் பெருக்க மாட்டார்கள். சீக்கிரமே நாய் படுக்கும், புல் ஏறும், கூரைத் தகடு காணாமல் போகும். அதனால் தினமும் ஆள் நிற்கும் இடமாகப் பாருங்கள். பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் தோட்டச் சந்தி ரொம்ப நல்லது. இப்போது தோட்ட வேலையில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். அவர்களில் பலர் சைக்கிளில்தான் டவுனுக்கு வருகிறார்கள், அவர்களும் மழையில் நனைகிறவர்கள்தான்.

எங்கள் கொட்டாய்க்கு உட்காரும் பலகை எப்படி வேண்டும் என்று அந்தச் சந்தியில் வழக்கமாக நிற்கும் ஒரு அக்காவைக் கேட்டேன். நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "தம்பி, குந்துற இடம் அகலமா இருக்கணும், முதுகு சாயணும், மழைத் தண்ணி முதுகுல அடிக்கக் கூடாது. அம்புட்டுதான்" என்றார். 90 கிலோமீட்டர் மிதித்து வருகிறவர் கேட்பதும் இதைத்தான்.

இடைவெளி பற்றி ஒரு கணக்கு. மூட்டையோடு மிதிக்கிறவர் நம் வெயிலில் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போவார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிழல் கிடைத்தால் போதும். டவுனுக்குள் கடைகளும், கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி வழியும் இருக்கின்றன, அங்கே நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு டவுனுக்கு நடுவில், கடையே இல்லாத தோட்டத்து நீளம்தான் நம் இடம். மேடு இருந்தால் ஏறுகிற பக்கம் வையுங்கள், இறங்குகிறவர் நிற்க மாட்டார். வளைவுக்கு உள்பக்கம் கூடவே கூடாது. காந்தான் பக்கம் வரும் சிமெண்டு லோரிகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தடி என்றதும் ஆசை வரும். பால்மரம் காற்றில் கிளை முறியும். செம்பனை மட்டை முள்ளோடு விழும். அதன் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் நாகம் வரும். மர நிரையில் இருந்து குறைந்தது ஆறு மீட்டராவது தள்ளுங்கள். டுரியான் மரத்தடியில் ஓய்வுக் கொட்டாய் வைக்கலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். சீசனில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓய்வெடுத்தால் வைக்கலாம்.

சாலைக்கும் கொட்டாய்க்கும் நடுவில் லோங்காங் (வடிகால்) இருந்தால் அதைத் தாண்ட 1.2 மீட்டர் அகலப் பலகைக்கல் போடுங்கள். இரும்புக் கிராதி போடுவதாக இருந்தால் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும். நீளவாக்கில் ஓடினால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும்.

6 மீட்டர் குழாயில் இருந்து அளவு எடுப்பது

வாஸ்து பார்த்து அளவு எடுப்பார்கள், நான் குழாய் பார்த்து எடுத்தேன். நம் இரும்புக் கடைகளில் சதுரக் குழாயும் 'சி' எழுத்து வடிவச் சானலும் 6 மீட்டர் நீளத்தில் வரும். எந்த அளவு போட்டால் வெட்டிய மிச்சம் குப்பைக்குப் போகாது என்று பார்த்தால் கொட்டாயின் அளவு தானாக வந்துவிடுகிறது.

ஒரு கட்டம் என்பது தூணுக்குத் தூண் 2.4 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் ஆழம். கூரை இரு பக்கமும் 60 செ.மீ., முன்னும் பின்னும் 90 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகக் கூரை 3.6-க்கு 4.2 மீட்டர், சுமார் 15 சதுர மீட்டர். கூரை ஒரே சாய்வு. சாலைப் பக்கக் கூரை விளிம்பு 2.7 மீட்டர் உயரம், பின்பக்கம் 2.1 மீட்டர்.

இனி வெட்டுவோம். தூணுக்கு 75-க்கு 75 மி.மீ. குழாய், 3 மி.மீ. கனம். முன் தூண் 2.57 மீட்டர், பின் தூண் 2.23 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் 4.8, ஒரே குழாயில் அடங்கிவிடும். மிச்சம் 1.2. அந்த மிச்சத்தைத் தள்ளிப்போடாதீர்கள், மூட்டை இறக்கும் திண்ணைக்கு அது காலாகும். கூரைச் சட்டத்துக்கு 100-க்கு 50, நீளம் 4.2 மீட்டர். மிச்சம் 1.8, அது பெஞ்சுச் சட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு கூரைச் சட்டம் வேண்டும், ஆகவே பெஞ்சுக்கு முன் சட்டமும் பின் சட்டமும் கிடைத்துவிட்டன. தகடு தாங்கும் குறுக்குச் சானல் 3.6 மீட்டர், ஐந்து வரிசை. மிச்சம் 2.4.

இந்த 2.4-தான் எனக்குப் பிடித்த இடம். பிறகு இரண்டாவது கட்டம் சேர்க்கும்போது குறுக்குச் சானலை நீட்ட வேண்டிய அளவு சரியாக 2.4. முதல் கட்டத்தின் மிச்சம் இரண்டாம் கட்டத்தின் கூரையாகிறது. கட்டமாகக் கூட்டிக்கொண்டு போவது என்றால் இப்படி இருக்க வேண்டும்; காசு வந்த வருடம் ஒன்று சேர்க்கலாம், வராத வருடம் மிச்சத்துக்குச் சாயம் அடித்துக் கோயில் ஸ்டோரில் வைத்திருக்கலாம். வெட்டும் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. அளவுக்குத் தின்னும். அந்தக் குறைச்சல் மிச்சத் துண்டில் விழுகிற மாதிரி வெட்டுங்கள், தூணில் விழக் கூடாது.

இந்த அளவில் எந்தத் துண்டும் 30 கிலோவைத் தாண்டாது. இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

வெல்டிங் எல்லாம் பட்டறையிலேயே முடிய வேண்டும். ஓட்டைகளும் அங்கேயே. அதன் பிறகுதான் துத்தநாகம் பூசும் கால்வனைஸ் வேலைக்கு அனுப்ப வேண்டும். எம்12 (12 மி.மீ.) போல்ட்டுக்கு 14 மி.மீ. ஓட்டை போடுங்கள், துத்தநாகம் ஏறியதும் சரியாக இருக்கும். இரண்டு முனையும் மூடி வெல்டிங் செய்த குழாயை அப்படியே அனுப்பக் கூடாது. துத்தநாகத் தொட்டி 450 பாகை சூட்டில் இருக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் குழாயை வெடிக்க வைத்துவிடும். காற்றுப் போக ஓட்டை வைத்தே அனுப்புங்கள், வந்த பிறகு பிளாஸ்டிக் மூடி அடித்துவிடுங்கள். இல்லையென்றால் குளவி கூடு கட்டும். தளத்தில் வெல்டிங் இயந்திரத்தை இறக்கவே கூடாது. கால்வனைஸ் பூசிய இடத்தில் வெல்டிங் வைத்தால் பூச்சும் போகும், வெள்ளைப் புகை நெஞ்சுக்கும் ஆகாது. எல்லா இணைப்பும் போல்ட், எல்லா போல்ட்டும் ஒரே தடிமன். ஒரே ஸ்பானர் போதும் என்றால்தான் நான் இல்லாத ஊரிலும் யாராவது கழற்றுவார்கள்.

மழை எங்கே வந்து விழும்

பக்கத்துத் தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. எங்களுக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. நம் ஊர் பஸ் ஸ்டாப்புகளில் மழை பெய்தால் ஆட்கள் பெஞ்சின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூரை உயரமாக, அழகாக, நீட்டம் இல்லாமல் இருக்கும். அது படத்துக்கு நன்றாக இருக்கும்.

கணக்கு சுலபம். காற்றோடு மழை 45 பாகைச் சாய்வில் அடித்தால், எவ்வளவு உயரத்தில் இருந்து இறங்குகிறதோ அவ்வளவு தூரம் உள்ளே வரும். முன்பக்க விளிம்பு 2.7 மீட்டர், பெஞ்சு 45 செ.மீ. உயரம். வித்தியாசம் 2.25. பெஞ்சோ பின் தூணை ஒட்டி இருக்கிறது, முன் விளிம்பில் இருந்து அதன் முனைக்கு 2.8 மீட்டர். சாரல் மடிக்கு வந்து சேர்வதற்குள் தரையில் விழுந்துவிடும். பின்பக்கத்தைப் பாருங்கள். விளிம்பு 2.1 மீட்டர், நீட்டம் 90 செ.மீ. தடுப்பு எதுவும் வைக்காவிட்டால் முதுகு நனையும். 1.2 மீட்டர் உயரத்துக்கு முதுகுத் தடுப்பு வைத்தால் மிச்சத் திறப்பு 2.1-இல் 1.2 போக 90 செ.மீ.; நீட்டமும் 90. அந்த அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. தடுப்புக்கு மேலே திறந்தே விடுங்கள். நம் ஊரில் நாலு பக்கமும் அடைத்தால் மழையில் தப்பித்தவர் வியர்வையில் நனைவார்.

கூரைத் தகடு வெளிர் நிறம். தகட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்புத் தாள் விரித்து ஆணி இறுக்குங்கள். இது இல்லாமல் மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்தால் வாட்டி எடுக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரையை விற்க வருவார்கள். வெயில் காய அது நல்லது.

நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறோம். உச்சி வெயிலுக்குக் கூரை போதும், தொல்லை கொடுப்பது சாயங்கால மேற்கு வெயில்தான். மேற்குப் பக்கம் மட்டும் மூங்கில் தட்டி. மூங்கிலை வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அந்த மருந்து மழையில் கழுவிக்கொண்டு போகும். அதனால் கூரை நீட்டத்துக்கு உள்ளேயே தட்டி நிற்க வேண்டும். சில வருடத்தில் மாற்றத்தான் வேண்டும். சட்டத்தோடு நாலு போல்ட்டில் கழன்று வருகிற மாதிரி வைத்தால் பிள்ளைகளே மாற்றிவிடுவார்கள்.

காற்று, இடி

கொட்டாய் கீழே விழும் என்று பயப்படுகிறார்கள். லேசான கொட்டாய் பறக்கும் என்பதுதான் நிஜம். மலேசியக் காற்றுத் தரமான எம்.எஸ். 1553 தீபகற்பத்தில் எங்கள் பக்கத்துக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 33.5 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ அழுத்தம் வரும். நம் கூரை 15 சதுர மீட்டர், ஆகவே ஒரு டன்னுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கலாம். இது கடைக்காரன் கணக்கு. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், நகராண்மைக் கழகம் கேட்கும்போது உதவும்.

அந்த ஒரு டன்னுக்குத் தளத்தில் சிமெண்டு கொட்ட வேண்டாம். பட்டறையிலேயே 60-க்கு 60, உயரம் 30 செ.மீ. அளவில் நாலு கான்கிரீட் கட்டை வார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 260 கிலோ வரும், நாலும் சேர்ந்தால் ஒரு டன் சொச்சம். வார்க்கும்போதே தூண் போல்ட்டுகளையும் தூக்குவதற்கு வளையத்தையும் வைத்துவிட வேண்டும். தளத்தில் மண்ணைச் சுரண்டி, கல்தூள் போட்டு இடித்து, நீர்மட்டம் பார்த்து லோரி கிரேனால் இறக்கினால் போதும். இடம் மாறும்போது கட்டைகளும் கூடவே வரும். தூணும் கூரைச் சட்டமும் சேரும் மூலையில் 45 பாகையில் ஒரு கைத்தாங்கல் வையுங்கள். அது இல்லாவிட்டால் லோரி போகும்போதெல்லாம் ஆடும்.

இடி விஷயத்தில் யாரையும் ஏமாற்றக் கூடாது. உலகிலேயே அதிகம் மின்னல் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. இப்படிப் பக்கங்கள் திறந்த கொட்டாய் மின்னலுக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. ஆனால் மழை வந்தால் ஆட்கள் ஓடி வருவது அங்கேதான். நாம் செய்யக்கூடியது மூன்று. தூண்களை ஒன்றோடொன்று செப்புக் கம்பியால் இணைத்து எர்த் ராடு அடிப்பது ஒன்று. தரையில் 15 செ.மீ. கனத்துக்குச் சுத்தமான ஜல்லி நிரப்புவது இன்னொன்று. நிலத்தில் பரவும் மின்சாரம் காலில் ஏறுவதை அந்தக் கனம் வெகுவாகக் குறைக்கும் என்று மின்னல் பாதுகாப்புத் தரம் சொல்கிறது. ஜல்லிக்கு மேல் பழைய டயரில் செய்த ரப்பர் ஓடு பதித்தால் சைக்கிள் உருளும், தண்ணீரும் தேங்காது. கடைசியாக, போர்டில் எழுதி வையுங்கள்: இடி இடித்தால் தூணில் சாயாதீர்கள், பக்கத்தில் உள்ள கோயில் மண்டபத்துக்கோ கல் வீட்டுக்கோ போய்விடுங்கள். சந்தியில் இடம் தேடும்போது அப்படி ஒரு கட்டடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிதண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

பழைய பொருளில் எது வேண்டும், எது வேண்டாம்

தோட்டத்தில் லயம் இடிக்கும் செய்தி வந்தால் லோரியை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய செங்கால் மரச் சட்டம் கிடைத்தால் பெஞ்சுக்கு அதைவிட நல்லது இல்லை. இழைத்துவிட்டால் உள்ளே புது மரம் மாதிரி இருக்கும். ஆனால் அதே லயத்தின் கூரையைத் தொடாதீர்கள். பழைய சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடுகள் பலவும் ஆஸ்பெஸ்டாஸ். உடைத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு எமன். பழைய ரயில் தண்டவாளக் கட்டையும் பெஞ்சுக்கு வேண்டாம், கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் அது கசிந்து துணியிலும் தோலிலும் ஒட்டும்.

பால்மரப் பலகை நம் ஊரில் மலிவு, நம் பெருமையும்கூட. வீட்டு நாற்காலிக்கு அருமையான மரம். வெளியில் வைத்தால் பூஞ்சையும் வண்டும் விடாது. இதைச் சொன்னால் வயதானவர்களுக்குக் கோபம் வருகிறது, இருந்தாலும் வேண்டாம்.

சைக்கிளுக்கு

பல இடங்களில் முன் சக்கரத்தை மட்டும் கவ்வும் ஸ்டாண்டு வைத்திருக்கிறார்கள். மூட்டையோடு 35 கிலோ இருக்கும் சைக்கிள் அதில் சாய்ந்தால் ரிம் வளையும். 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு குழாய் போதும். உயரம் 75 செ.மீ., நீளம் 80 செ.மீ., ஒன்றுக்கு ஒன்று ஒரு மீட்டர் இடைவெளி. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். பெஞ்சில் இருந்து பார்த்தால் சைக்கிள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் ஓய்வெடுக்க மாட்டார், எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

திண்ணை பற்றிச் சொன்னேன். தமிழ்நாட்டு ஊர்களில் அந்தக் காலத்தில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நிறுத்துவார்கள், குனியாமல் தலைச்சுமையை இறக்கி வைக்க. அதே வேலைதான் இதற்கும். 1.1 மீட்டர் உயரத்தில் ஒரு பலகை. பையைக் குனியாமல் கழற்றி வைக்கலாம், கறி பன்னைப் பிரித்து நின்றபடியே சாப்பிடலாம், பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். பக்கத்தில் 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாய். சீட்டின் மூக்கை அதில் மாட்டினால் சக்கரம் தரையை விட்டு எழும்பும், செயினும் பிரேக்கும் பார்க்கலாம்.

பெஞ்சு 1.8 மீட்டர், நடுவில் கைப்பிடி வைக்காதீர்கள். யாராவது படுத்துவிடுவார்கள் என்று கைப்பிடி வைக்கச் சொல்வார்கள். படுக்கத்தானே கட்டுகிறோம்? வெயிலில் மயக்கம் வருகிறவர் இருபது நிமிடம் காலை நீட்டினால் எழுந்து போய்விடுவார்.

காற்றடிக்கும் பம்ப்பைச் சங்கிலியில் கட்டி வைக்கலாம், இரண்டு வகை வால்வுக்கும் பொருந்துவதாக வாங்குங்கள். போன் சார்ஜ் போடும் துளைகள் வேண்டாம், மழையும் பிள்ளைகளும் விடமாட்டார்கள். ஆள் வந்தால் எரியும் சின்னச் சூரிய விளக்கு ஒன்று, மஞ்சள் ஒளியில். வெள்ளை ஒளிக்குப் பூச்சி அதிகம் வரும். குப்பைத்தொட்டி, கோயில் கமிட்டி தினமும் எடுப்பதாக இருந்தால் மட்டும். எடுக்காவிட்டால் குரங்கு எடுக்கும்.

கூரைத் தண்ணீர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் கூரைக்கு 15 மி.மீ. மழை போதும், 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். அது எங்கள் ஊரில் அரை மணி நேர மழை. முதல் தண்ணீரில் பறவை எச்சமும் தூசியும் வரும். அதை ஒதுக்க, தாமான் (குடியிருப்பு) வீடுகளில் கழிவுநீருக்குப் போடும் 4 அங்குலப் பி.வி.சி. குழாய் 2 மீட்டர் நட்டால் 15 லிட்டர் பிடிக்கும், அதாவது முதல் ஒரு மி.மீ. மழை. அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் டிரம்முக்குத் திரும்பும். குழாயின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வைத்தால் அடுத்த மழைக்குள் தானே வடிந்திருக்கும். பின் விளிம்பு 2.1 மீட்டர் என்பதால் அளவும் கச்சிதம்.

முகம் கழுவ, சட்டை நனைக்க, செயின் சேறு கழுவ இந்தத் தண்ணீர். குடிக்க அல்ல என்று தமிழிலும் மலாயிலும் டிரம்மிலேயே எழுதுங்கள். தோட்டத்து ஸ்டோரில் சும்மா கிடக்கும் புல்லு மருந்து டிரம்மைக் கேட்டு வாங்கி வராதீர்கள். பாராகுவாட் என்ற புல்லு மருந்துக்கு 2020 ஜனவரியில் இருந்து தடை, ஆனால் பழைய டிரம்கள் இன்னும் எங்காவது கிடக்கும், எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. உணவு எண்ணெய் வந்த டிரம்மாகப் பாருங்கள். மூடி இறுக்கமாக, வழியும் வாய்க்கு 1 மி.மீ. கண் உள்ள வலை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் வரும், அது கமிட்டிப் பெயரில் வரும்.

கையெழுத்துகள்

சாலை ஒதுக்கு நிலம் என்றால் ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) அனுமதி வேண்டும். கட்டுமானத்துக்கு எங்கள் பகுதியில் கோலகங்சார் நகராண்மைக் கழகம். அரசு நிலத்துக்கு நில அலுவலகம். தோட்ட நிலத்துக்குள் என்றால் நிர்வாகத்தின் கடிதம், கங்காணியின் வாய்வார்த்தை போதாது. எல்லா மனுவிலும் "கழற்றி அகற்றக்கூடியது" என்று முதல் வரியிலேயே எழுதி, கழற்றும் படத்தையும் இணையுங்கள். அதிகாரிகளுக்குப் பயம் கட்டடம் மேல் அல்ல, பிறகு அதை எடுக்க முடியாதே என்பதுதான்.

கழற்றும் வரிசை: டிரம்மைக் காலி செய்யுங்கள், தட்டியும் தடுப்பும் முதலில், பிறகு தகடு, குறுக்குச் சானல், கூரைச் சட்டம், தூண், கடைசியில் கட்டைகள். ஒவ்வொரு துண்டிலும் உளியால் எண் வெட்டுங்கள், பெயிண்டில் எழுதினால் இரண்டு மழையில் போய்விடும்.

பராமரிப்புக்கு ஒரு நாளை நான் இப்படி வைத்திருக்கிறேன்: டிசம்பரில் டி.ஓ.எல். புதுப்பிக்கப் பணம் கட்டும் அதே வாரம் ஏணியைச் சாய்த்து எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்குவது, எர்த் கம்பி பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, தகட்டு ஆணிகளின் ரப்பர் வாஷரை விரலால் அழுத்திப் பார்ப்பது. முதலில் கெடுவது அந்த வாஷர்தான். ஒன்று வெடித்திருந்தால் மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள், ஒரு பை விலை ஒன்றும் பெரிதில்லை. மிச்ச வாஷரும் ஸ்பானரும் கோயில் ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பொறுப்பில் இருக்கட்டும்.